பையைப் பிரிக்கும் முன்

கண்ணு, காளான் கிட் வந்துவிட்டது என்று சொன்னாய். இன்னும் பிரிக்கவில்லை என்றால் இதைப் படித்துவிட்டுப் பிரி. பிரித்துவிட்டாய் என்றாலும் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. கிங் ஆய்ஸ்டர் கிட் என்பது முக்கால்வாசி வேலை முடிந்து உன் கைக்கு வருகிற பொருள். மிச்சமுள்ள கால்வாசியில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். நான் பார்த்த வீடுகளில் கவனிக்காமல் விட்டுக் கெட்ட பைகள் குறைவு. சும்மா இருக்க மாட்டாத கைகளால் கெட்ட பைகளே அதிகம். அந்தக் கை எனக்கும் உண்டு. உனக்கும் இருக்கும், நம் குடும்பத்து வாகு அப்படி. அதனால் எப்படி வளர்ப்பது என்பதைவிடக் கையை எங்கே நிறுத்துவது என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லியிருக்கிறேன்.

1. ஊரைக் கேட்டுவிட்டு ஆசைப்படு.

இந்தக் காளான் மொட்டு விட 12 முதல் 18 டிகிரி வரை குளிர் வேண்டும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் கார்த்திகை தொடங்கி மாசி வரை வீட்டில் ஏதாவது ஒரு மூலையில் அந்தக் குளிர் காசில்லாமல் கிடைக்கும். கோயம்புத்தூரில் சித்திரை மாதத்தில் கிட் வாங்கி ஏ.சி. அறையில் வைத்தார் நம் சொந்தக்காரர் ஒருவர். ஏ.சி. குளிரைக் கொடுக்கும், கூடவே காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். காளானுக்கு 85 முதல் 95 சதவீதம் வரை ஈரப்பதம் வேண்டுமே! மொட்டுகள் தோல் வெடித்துக் காய்ந்தன. காளான் வராவிட்டாலும் மின்கட்டணம் வந்தது. ஆசைக்கு ஊர் தெரியாது, காளானுக்குத் தெரியும். சமவெளியில் இருந்துகொண்டு வெயில் காலத்திலேயே வளர்த்தாக வேண்டும் என்றால் பால்காளான் இருக்கிறது. அது நம் நாட்டுக் காளான். 1970களில் மேற்கு வங்கத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். பிறகு கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அதைப் பெரிய அளவில் வளர்க்கும் முறையை உருவாக்கினார்கள். 30 டிகிரிக்கு மேலும் சுணங்காமல் வரும். உன் ஊருக்கு ஏற்றதை வளர்ப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. மலையில்தான் இருக்கிறாய் என்றால் ஒரு சின்ன வெப்பமானி வாங்கி, பையை வைக்கப்போகிற இடத்தில் தொங்கவிடு. காலையிலும் மதியத்திலும் இரவிலும் பார். உடம்புக்குக் குளிர்வதை நம்பாதே. ஸ்வெட்டர் போட்டவனுக்கும் போடாதவனுக்கும் குளிர் வேறு வேறு.

2. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்.

வைக்கோலில் நாம் வளர்க்கும் சிப்பிக்காளானும் இதுவும் ஒரே பேரினம், பிளூரோட்டஸ். ஆனால் பழக்கம் வேறு. சிப்பிக்காளான் பட்டுப்போன மரத்தில் அடுக்கடுக்காகப் புறப்பட்டு வரும். கிங் ஆய்ஸ்டர் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் காய்ந்த மேய்ச்சல் நிலங்களில், எரிஞ்சியம் என்ற முள்செடியின் வேரைப் பற்றிக்கொண்டு, மண்ணைப் பிளந்து ஒன்றிரண்டாக வரும். 1815இல் டி கண்டோல் என்ற ஸ்விட்சர்லாந்துத் தாவரவியலாளர் அந்தச் செடியின் பெயரையே அதற்குச் சூட்டிப் பதிவு செய்தார். தென் இத்தாலியின் பூலியா பகுதியில், முர்ஜே என்ற சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தில், அது ஏழை வீட்டுச் சமையலிலிருந்து விருந்துச் சாப்பாடு வரை வந்துவிட்ட பொருள். எரிஞ்சியம் நமக்கு ரொம்பத் தூரத்து உறவுமில்லை. நம் கொத்தமல்லி, சீரகம், காரட் எல்லாம் சேர்ந்த குடும்பம்தான் அது. கேரளத்து வீடுகளில் ஆப்பிரிக்கன் மல்லி என்று, நீள இலையும் ரம்பப்பல் ஓரமுமாக ஒன்று வளர்ப்பார்களே, அதுவும் ஒரு எரிஞ்சியம்தான்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், வறண்ட கோடை முழுவதும் வேருக்குள் அடங்கிக் கிடந்துவிட்டு, முதல் மழையும் குளிரும் சேர்ந்து வந்த பிறகே தலைகாட்டுகிற பிறவி அது. உன் வீட்டிலும் அந்த இரண்டையும்தான் எதிர்பார்க்கும். ஜப்பானில் அது இயற்கையாக விளைவதில்லை. 1990களில் அங்கே பாட்டிலில் மரத்தூளை அடைத்து, மழைக்காலத்தையும் குளிர்காலத்தையும் ஒரு அறைக்குள் கொண்டுவந்து அதை வளர்க்கக் கற்றார்கள். கொரியாவும் சீனாவும் தொடர்ந்தன. இன்று பல்பொருள் அங்காடியில் நீ பார்க்கிற தடித்த வெள்ளைத் தண்டு அந்த அறைகளில் உருவான வடிவம். அத்தனை பெரிய தொழிற்சாலைகளும் செய்வது அந்தச் செடியின் ஊர்ப் பருவத்தை நடித்துக் காட்டுவதுதான். யாரை வீட்டுக்கு அழைத்தாலும் அவர் ஊர் வழக்கம் தெரிந்து அழைக்க வேண்டும்.

3. பைக்குள் இருப்பது பிறர் உழைப்பு.

கைக்கு அடக்கமாக, வெள்ளைப் பஞ்சுக்கட்டியாக இருக்கும் அந்தப் பையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார். மரத்தூளும் தவிடும் கலந்து, பிழிந்தால் இரண்டு சொட்டு வரும் அளவுக்கு நனைத்து, பையில் அடைத்து, 121 டிகிரி அழுத்த நீராவியில் மணிக்கணக்கில் வேகவைத்திருக்கிறார்கள். ஆறிய பிறகு, தூசி வடிகட்டிய காற்று ஓடும் மேசையின் முன் உட்கார்ந்து, சோளத்தில் வளர்த்த காளான் விதையைக் கலந்திருக்கிறார்கள். பிறகு ஒரு மாதத்துக்குக் குறையாமல் 25 டிகிரி இருட்டறை. விதை தயாரிக்கும் கூடங்களில் வாயை மூடிக்கட்டி, பேச்சில்லாமல் வேலை செய்யும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். பேசினால் தெறிக்கும் எச்சில் துளி ஒன்று போதும், பை கெட. நாள் முழுக்கப் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே காளான் வந்ததும் ‘நான் வளர்த்தேன்’ என்று சொல். சொல்லும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல். வராவிட்டால் உடனே விற்றவரைத் திட்டவும் வேண்டாம். அவர்கள் பக்கம் தவறு இருந்தால் முதல் நாளே தெரிந்துவிடும்: பையில் பச்சையோ கறுப்போ இருக்கும், அல்லது திறக்காமலே புளித்த வாடை வரும். அப்போது படமெடுத்து மரியாதையாகக் கேள், பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள். வெள்ளையாக வந்து உன்னிடம் கெட்டதற்கு நீதான் பொறுப்பு. உடனே தொடங்க முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு வாரம்வரை வைக்கலாம். பரண்மேல் போட்டு மறந்துவிடாதே. உள்ளே இருப்பது உயிர். அது மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

4. கூட வந்த காகிதத்தைப் படி. அப்புறம் காணொளி பார்.

ஒரு கிட்டில் பையின் மேல்பக்கம் முழுவதையும் வெட்டச் சொல்வார்கள். இன்னொன்றில் பக்கவாட்டில் கீறச் சொல்வார்கள். சிலர் மேலே இருக்கும் பழைய வெள்ளைத் தோலை முள்கரண்டியால் லேசாகச் சுரண்டச் சொல்வார்கள். ஜப்பானியப் பண்ணைகளில் பாட்டில் திறந்ததும் முதலில் செய்வது அதைத்தான். மேல்தோல் கலைந்தால் மொட்டு ஒரே சீராக வருகிறது. வேறு சிலரோ தொடவே கூடாது என்பார்கள். எது சரி? உன் பையைச் செய்தவர் எழுதிக் கொடுத்ததுதான் சரி. அவருக்குத்தான் அந்தப் பையில் என்ன இருக்கிறது, எத்தனை நாள் இருட்டில் இருந்தது என்று தெரியும். மூன்று பேர் சொன்னதை ஒரே பையில் செய்து பார்த்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். யார் சொன்னதால் கெட்டது என்று கண்டுபிடிக்கக்கூட வழியில்லாமல் போனது அவர்களுக்கு.

5. ஒரு பைக்கு ஒரு கை.

இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக்கொள். எங்கள் வீட்டில் பை முன்னறை ஜன்னலோரம் இருந்தது. காலையில் எழுந்ததும் ஸ்பிரேயரால் நான் தெளிப்பேன். உன் மாமா நடைப்பயிற்சி முடித்து வந்து, பாவம் காய்ந்து கிடக்கிறதே என்று அவர் பங்குக்குத் தெளிப்பார். மாலையில் வேலைக்கு வருகிற அம்மாள், பெரியவர்கள் மறந்திருப்பார்கள் என்று தெளிப்பாள். மூன்று பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. சின்ன விஷயத்தைப் போய் சொல்லிக்கொள்வதா என்ற பெருந்தன்மை. மொட்டுகள் மஞ்சளாகி, பழுப்பாகி, தொட்டால் வழுக்கின. ஈரம் தேங்கிய மேல்தோலில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஏறிவிட்டால் அப்படித்தான் ஆகும். கெட்டது வெளியே தெரிந்த அன்றைக்குத்தான் மூன்று பேரும் பேசினோம்.

அன்பு அதிகமான வீட்டில் இது நடக்கும், கண்ணு. பொறுப்பை ஒருவரிடம் கொடு, மற்றவர்கள் பார்க்கட்டும். அந்த ஒருவரும் மொட்டின்மேல் நேராகத் தெளிக்கக் கூடாது. பையின்மேல் தளர்வாகக் கவிழ்த்திருக்கும் ஓட்டை போட்ட பாலிதீன் உறையின் உட்பக்கச் சுவரில் தெளித்தால் போதும். சுவரில் முத்து முத்தாக நீர் இருந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள், அன்றைக்கு ஸ்பிரேயருக்கு விடுமுறை. மொட்டின் மேல் பளபளவென்று நீர் நின்றால் அதிகம். காளானுக்கு வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி பைக்குள்ளேயே இருக்கிறது. நாம் கொடுப்பது அது வெளியே பறந்துவிடாமல் இருக்க ஒரு காவல். மழைநீரோ, கொதிக்கவைத்து ஆறிய நீரோ நல்லது. குளோரின் வாடை தூக்கலாக இருக்கும் குழாய்நீரை ஒரு இரவு திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்து.

6. காற்றைப் பொறுத்து உருவம்.

காற்று ஓடாத இடத்தில் கரியமிலவாயு தேங்கும். அப்போது தண்டு நீண்டு, தலை பொத்தானளவே இருக்கும். காற்று நன்றாக ஓடினால் தண்டு குட்டையாகி, குடை அகலமாக விரியும். பெரிய பண்ணைகளில் இதை அளந்தே செய்கிறார்கள். தடித்த தண்டுக்குத்தான் சந்தை என்பதால் கரியமிலவாயுவைக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, கடைசி நாட்களில் குறைப்பார்கள். இத்தாலியில் கார்டொன்செல்லோ என்ற பெயரில் வயலில் வரும் இதே காளானுக்கோ அகலக் குடையும் குட்டைத் தண்டும். இரண்டும் ஒரே காளான், இரண்டும் ருசி. கடையில் பார்த்த உருவம் வரவில்லையே என்று உன் காளானைக் குறை சொல்லாதே. நீ கொடுத்த காற்றுக்கு அது சொன்ன பதில் அது. காலையும் மாலையும் உறையைத் தூக்கி ஒரு அட்டையால் நாலு வீசு வீசு, போதும். நானாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே காற்று விடுவேன். குடையின் ருசியை உலகம் குறைத்து மதிப்பிட்டுவிட்டது என்பது என் கட்சி.

7. நல்ல மூலை ஒன்றைக் கொடு.

செய்தித்தாள் படிக்கிற அளவு வெளிச்சம், நேர் வெயில் கூடாது. கேஸ் அடுப்புப் பக்கம் வேண்டாம். ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள் எரியும் அறை வேண்டாம். பூஜை அறை குளிர்ச்சியாக இருக்கிறது என்று அங்கே வைத்தவர்கள் உண்டு. சாமிக்கு ஆகிற புகை இதற்கு ஆகவில்லை. பழக்கூடைக்குப் பக்கத்திலும் வைக்காதே, பழ ஈக்களும் பூஞ்சண வித்துகளும் அங்கேதான் குடியிருக்கும். வைத்த இடத்தை மாற்றாதே.

8. பச்சையைப் பார்த்தால் சாக்கு சொல்லாதே.

முதலில் பயப்பட வேண்டாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை தடிப்பது நல்லது. பைக்குள் மஞ்சளாகவோ தேன் நிறத்திலோ துளிகள் தெரிந்தால் அது காளானே வெளியிடும் திரவம், அளவோடு இருந்தால் கவலையில்லை. மொட்டின் அடியில் மெல்லிய பஞ்சு படர்வது காற்றுப் பற்றாக்குறை, வீசிவிட்டால் சரியாகும்.

பச்சை வேறு. முதலில் வெள்ளையாகத்தான் வரும், இரண்டொரு நாளில் பச்சைப்பொடியாக மாறும். அது டிரைக்கோடெர்மா. நம் விவசாயிகள் மஞ்சள், இஞ்சி வயலில் வேரழுகல் வராமலிருக்க விலை கொடுத்து வாங்கிப் போடுகிறார்களே, அதே பேரினம்தான். வயலில் காவல்காரன், காளான் பையில் கொள்ளைக்காரன். நல்லது கெட்டது என்பது இருக்கிற இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்ல? பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரே நேரத்தில் பல பைகள் வைத்திருந்தார். ஒன்றில் நகக்கண் அளவு பச்சை. ‘இது வெறும் புள்ளி’ என்றார். மறுநாள் ‘பரவவில்லை பாரேன்’ என்றார். அடுத்த நாள் கத்தியால் அந்த இடத்தை மட்டும் தோண்டி எடுத்தார். தோண்டும்போது பறந்த பொடி மற்றப் பைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. வகுப்பில் ஒரு பிள்ளையின் சாக்கையும் நம்பாதவர் அவர். தன் சாக்கை மூன்று நாள் நம்பினார். பச்சை கண்டதும் பையை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டி, வீட்டுக்கு வெளியே தூரமாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிடு. ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் திறக்கவே வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அழுவதாக இருந்தால் அதற்குப் பிறகு அழு.

9. எல்லா மொட்டும் காளானாகாது.

திறந்து ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் இரண்டு வாரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது. சிப்பிக்காளான் வளர்த்துப் பழகியவர்களுக்கு இது பொறுக்காது. அது இதைவிடச் சீக்கிரம் வரும். இந்த நாட்களில்தான் நிறைய பேர் பையைக் குலுக்கிப் பார்ப்பது, குடைந்து பார்ப்பது, தண்ணீரில் முக்கி எடுப்பது என்று ஏதாவது செய்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலைதான் என்று நம்ப நம் வளர்ப்பு இடம் தருவதில்லை. சும்மா இருக்கிற பிள்ளையைப் பார்த்தாலே ‘எழுந்து எதையாவது செய்’ என்று சொல்லி வளர்த்த வீடு நம்முடையது. செய்தே ஆக வேண்டும் என்றால் ஒரு நோட்டில் எழுது: வெப்பம் எத்தனை, சுவரில் ஈரம் இருந்ததா, வாடை எப்படி. எழுதுகிற கை வேறெதையும் நோண்டாது.

பிறகு ஒரு நாள் வெள்ளைப் பரப்பில் சாம்பல் நிறத் தலையோடு சின்னச் சின்ன முளைகள் கூட்டமாகத் தெரியும். மகிழ்ச்சி தாளாது. அத்தனையும் பெரிதாகும் என்று கணக்குப் போடுவாய். ஆகாது. இரண்டோ நான்கோ முந்தும். மற்றவை நின்றுவிடும், நிறம் மங்கும், சுருங்கும். உன்னால் செத்தன என்று நினைக்காதே. பையில் இருக்கிற சத்து அவ்வளவுதான், அதை எங்கே அனுப்புவது என்று காளான் எடுக்கிற முடிவு அது. கொரியப் பண்ணைகளில் அந்த முடிவுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. மொட்டு கொஞ்சம் வளர்ந்ததும் பாட்டிலுக்கு இரண்டு மூன்றை விட்டுவிட்டு மற்றதைச் சின்னக் கத்தியால் களைந்துவிடுகிறார்கள். அப்போதுதான் கடைக்கு ஏற்ற தடித்த தண்டு கிடைக்கும்.

வீட்டில் களைய வேண்டுமா? இதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. களைந்தால் காளான் பெரிதாக வருகிறது, அது உண்மை. ஆனால் முதல் பையில் களையாதே என்பேன். எது முந்துகிறது, எது பின்வாங்குகிறது என்று ஒருமுறை முழுக்கப் பார்க்காதவருக்கு எதைக் களைவது என்று எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த ஒருவர் பார்ப்பதற்குப் பெரிதாக இருந்த மொட்டுகளை விட்டு மற்றதைக் களைந்தார். விட்ட இரண்டும் நின்றுபோயின. ஓரத்தில் ஒளிந்திருந்து அவர் கண்ணில் படாத ஒன்றுதான் வளர்ந்தது. பிள்ளைகளை வளர்த்தவர் அவர்; அந்த ஒற்றைக் காளானைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

10. தினமும் படம் எடுத்து அனுப்பாதே.

வேண்டுமானால் எடு, நோட்டோடு சேர்த்து வைத்துக்கொள். அனுப்பத் தொடங்கினால் பார்ப்பவர்களுக்காக வளர்க்கத் தொடங்குவாய். அவர்கள் ‘இன்னும் வரலையா?’ என்பார்கள். அன்று இரவே நீ தண்ணீர் தெளிப்பாய்.

11. ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்காதே.

மொட்டு உருப்பட்டு நின்ற பிறகு ஒரு வாரத்துக்குள் வளர்ச்சி விறுவிறுவென்று இருக்கும். குடையின் ஓரம் உள்நோக்கி மடங்கியிருக்கும் வரை அது வளர்கிறது. ஓரம் நிமிர்ந்து தட்டையாகப் போகிறது என்று தெரிந்ததும் எடுத்துவிடு. அடியைப் பிடித்து மெதுவாகத் திருகினாலும் சரி, பிளேடால் அறுத்தாலும் சரி. அடியில் கட்டை விடாதே, அழுகும். விருந்தாளிகள் ஞாயிறன்று வருகிறார்கள், அன்று எல்லோர் முன்பும் அறுக்கலாம் என்று வைத்திருந்த வீட்டில் சனிக்கிழமை காலை மேசை முழுக்க வெள்ளைமாவு. வித்துகள் கொட்டிவிட்டன. குடை மேல்நோக்கிச் சுருண்டு, தண்டு நார்ப்பட்டுப்போனது. வித்துத்தூள் வெறும் அசிங்கம் மட்டுமில்லை; மூடிய அறையில் அதை நாள்கணக்கில் சுவாசிக்கும் காளான் பண்ணைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் ஒவ்வாமை வருவதுண்டு. ஒரு பைக்கு அந்தப் பயம் வேண்டாம். ஆனால் இருமல்காரர் வீட்டில் இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே எடு. எடுத்ததைக் காகிதப் பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். காளான் வகைகளில் இது கெட்டிக்காரப் பண்டம். விருந்தாளி வரும்வரை அங்கே காத்திருக்கும்.

எடை போட்டுப் பார்ப்பாய், தெரியும். ஒரு கிலோ பையில் 200 கிராம் வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைக்காளானோடு விலையை ஒப்பிட ஆரம்பித்தால் நஷ்டம்தான். அந்தக் கணக்கை உன் அப்பா போடுவார், நீ போடாதே.

12. மசாலாவில் புதைக்காதே.

நீரில் ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடை. தண்டை விரற்கடை கனத்துக்கு வட்டமாக நறுக்கி, இரண்டு பக்கமும் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறு. இரும்புத் தோசைக்கல் காய்ந்ததும் எண்ணெயில்லாமல் போடு. நீர் விட்டு, அந்த நீர் வற்றி, ஓரம் சிவக்கத் தொடங்கிய பிறகு நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு, தட்டிய பூண்டும் கறிவேப்பிலையும் மிளகும் போடு. உப்பு கடைசியில். அவ்வளவுதான். கரம் மசாலாவும் தக்காளியும் போட்டுக் குழம்பு வைக்க மொட்டுக்காளான் போதும். பச்சையாகச் சாப்பிடாதே. காளான் பழக்கமில்லாதவர்களுக்கு முதல் நாள் இரண்டு துண்டு மட்டும் கொடு; சிலர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. எப்போது வரும் என்று கேட்டு நச்சரிக்காமல் இருந்தவருக்கு முதல் துண்டைக் கொடு. வீட்டில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார்.

13. ஒரு பை வளர்த்ததை நம்பிக் காட்டுக்குப் போகாதே.

இதில் எனக்குக் கண்டிப்பு அதிகம், பொறுத்துக்கொள். கிட்டில் ஒருமுறை வெற்றி கண்டதும் காளானைப் பற்றித் தெரிந்துவிட்டது என்று ஒரு தெம்பு வரும். மழை பெய்த மறுநாள் சோலையோரத்திலும் பைன் மரத்தடியிலும் தேயிலைத் தோட்ட வரப்பிலும் விதவிதமாக முளைத்திருக்கும். வெள்ளையாக, தடித்த தண்டோடு, உன் பையில் வந்ததைப் பார்த்த மாதிரியே இருக்கும். பறிக்காதே. வெள்ளிக்காசு போட்டால் கறுக்கும், பூண்டு போட்டால் நிறம் மாறும், பூச்சி தின்றிருந்தால் நாமும் தின்னலாம் என்று பழைய சோதனைகள் சொல்வார்கள், ஒன்றையும் நம்பாதே. ஈரலைத் தின்னும் விஷக்காளான்கள் சாப்பிட்ட பல மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும், அதற்குள் நேரம் போயிருக்கும். காட்டுக்காளானைத் தலைமுறையாகப் பறித்துத் தின்கிற மலைவாழ் மக்களின் அறிவு ஒரு இடத்துக்கும் ஒரு பருவத்துக்கும் உரியது. கூடவே நடந்து கற்றுக்கொள்வது அது. பெட்டியோடு வராது.

14. பை ஓய்ந்ததும் விட்டுவிடு.

முதல் அறுவடைக்குப் பிறகு அடிக்கட்டைகளைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, உறையைப் போட்டு, இரண்டு வாரம் குளிர்ச்சியாக வை. இரண்டாவது முறை வரலாம், வந்தால் பாதிதான் இருக்கும். மேலே விரற்கடை கனத்துக்கு வேகவைத்து ஆறிய தேங்காய்நார்க் கழிவைப் பரப்பிவிட்டால் கொஞ்சம் கைகொடுக்கும். மண்ணைப் பிளந்து வந்த பிறவி அல்லவா, மேலே ஏதாவது மூடியிருந்தால் பிடிக்கும். மூன்றாவதை எதிர்பார்க்காதே. ஜப்பானிலும் கொரியாவிலும் பாட்டிலுக்கு ஒரு அறுவடையோடு முடித்துக்கொள்கிறார்கள். கிழடு தட்டிய பையைச் சமையலறையில் வைத்துக்கொண்டு இன்னும் ஒன்று வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தால் பச்சையும் கொசு மாதிரியான சின்ன ஈக்களும்தான் வரும். உதிர்த்துத் தோட்டத்தில், நிழலான இடத்தில், மண்ணோடு கலந்துவிடு. ரோஜாவுக்கு நல்லது. உரக்குழி இருந்தால் அதிலும் போடலாம்.

அடுத்து இன்னொரு கிட் வாங்குவதா என்று கேட்பாய். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் இந்த ஒரு பையில் உனக்குப் பச்சையைப் பார்க்கவும், ஈரத்தைப் பார்க்கவும், சும்மா இருக்கவும் கொஞ்சம் வந்திருந்தால் அடுத்ததாக வைக்கோலில் சிப்பிக்காளான் போட்டுப் பார். வைக்கோல் நனைப்பது, வேகவைப்பது, அடுக்கடுக்காக விதை தூவிக் கட்டுவது எல்லாம் உன் கையாலேயே நடக்கும். இந்தக் கிட்டில் உனக்குக் கிடைக்காத வேலை முழுக்க அதில் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் காளான் வளர்ப்புப் பயிற்சி நடத்துகிறார்கள். ஒரு நாள் ஒதுக்கிப் போய்வா. நோட்டை எடுத்துப் போ. உன் பையில் எந்தெந்த நாளில் என்ன நடந்தது என்று அங்கே இருப்பவர்களிடம் காட்டிக் கேள். எழுதிக்கொண்டு வருகிறவர்களுக்கு அவர்கள் கூடுதலாகவே சொல்லிக் கொடுப்பார்கள்.